பைபர் போட் அடிச்ச கை பிளேன் பாகம் செய்யப் போனா

திருமலையில பைபர் எண்டா போட்தான். கொட்பே, கிண்ணியா, மூதூர், நிலாவெளி எங்க போனாலும் மோல்டுக்குள்ள மேட் எண்ட கண்ணாடி இழை விரிப்பை விரிச்சு, இறுகிற பசையான ரெசினைப் பூசி ரோலர் உருட்டின பெடியள் நாலு பேர் இருப்பாங்கள். அவங்கள் இப்ப அடிக்கடி கேக்கிறது ஒண்டுதான், "அண்ணா, வெளிநாட்டில பிளேன் பாகம் செய்யிற பக்டரிக்கு கொம்போசிட் ஒப்பரேட்டர் தேவையெண்டு போட்டிருக்கிறாங்கள், அது எங்கட வேலைதானே, போனா செய்யலாம்தானே?" செய்யலாம். ஆனா எங்கட வேலையில பாதியை மறந்திட்டுத்தான் செய்யலாம். எந்தப் பாதியை விடோணும், எதைக் கவனமா கொண்டு போகோணும் எண்டதைத்தான் கீழ எழுதியிருக்கிறன். காமென்ற் எண்ட தையல் பக்டரியில கட்டிங் மேசையில நிண்ட, மெஷின்ல இருந்த தங்கச்சியளும் வாசியுங்கோ, இந்த வேலையில ஒரு இடத்தில உங்கட கை போட்காரர்ட கையை விட நல்லா வரும்.

முதல்ல வேலை எவ்வளவு பெரிசெண்டு விளங்கோணும். போயிங் 787 இன்ர எடையில பாதி கொம்போசிட், அதாவது இழையும் ரெசினும் சேர்ந்து இறுகின சாமான், எயார்பஸ் ஏ350 இல 53 சதவீதம். றெக்கை, வால், உடம்பு எண்டு பெரிய துண்டுகளை இப்ப மெஷினே நாடா நாடாவா அடுக்குது, ஆனா வளைவு நெளிவு கூடின மூடி, பனல், கதவு மாதிரிச் சாமான் கனக்க இன்னும் கையாலதான் அடுக்குப்படுது, ஒப்பரேட்டரைத் தேடுறதும் அதுக்குத்தான். எமிரேட்ஸ்ல அல் ஐன்ல ஸ்ட்ராட்டா எண்ட பிளேன் பாகக் கொம்பனி இருக்கு, 2009 இல தொடங்கினது, அபுதாபி அரசின்ர முதலீட்டுக் கொம்பனி முபாதலாவோட சேர்ந்தது. மலேசியாவில மலாக்காப் பக்கம் அதே வேலை செய்யிற சி.டி.ஆர்.எம். கொம்பனி, 1990 இல வந்தது. எயார்பஸ் ஏ220 இன்ர றெக்கை பெல்பாஸ்ட்ல செய்யுறாங்கள். எங்கட ஊரில இப்பிடி ஒண்டும் இல்ல, சீனன்குடாவில எயார்போர்ஸ் அக்கடமி இருக்கு, பிளேன் பறக்கிறதைப் பார்க்கலாம், செய்யிறதைப் பார்க்கேலாது.

சரி, போட் அடிக்கேக்க நாங்கள் என்ன செய்யிறம்? பொலியெஸ்டர் ரெசின், மேட், ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில ஹார்ட்னரைக் குறைக்காட்டி வாளிக்குள்ளயே இறுகிப் போகும், மார்கழி மழைக்குக் கொஞ்சம் கூட்டுவம், அளவு மூடியில பாதியோ முக்காலோ எண்டது பாஸ்ட கண்ணில இருக்கு. அந்தப் பக்குவத்துக்குத்தான் இஞ்ச சம்பளம். பிளேன் வேலையில அதுக்கு இடமே இல்ல. பெரும்பாலான இடங்களில ரெசினை நீங்கள் கலக்கிறதே இல்ல, துணிக்குள்ள (அநேகமா காபன் இழைத் துணி) ஏற்கனவே ஊறின ரெசினோட ரோலா வரும், பிரிப்ரெக் எண்டு பேர், ரெசின் எபொக்சி வகை, தொட்டா லேசா ஒட்டும். அதில இழை எவ்வளவு ரெசின் எவ்வளவு எண்டது செய்த கொம்பனியிலயே முடிஞ்ச கதை. "இன்னும் ஒரு தட்டுப் போட்டா பலம்தானே" எண்டு போட்டுக்கு நினைக்கிற மாதிரி அங்க நினைக்கக் கூடாது, ரெசின் கூடினா பாரம்தான் கூடும், பலம் இழையில இருக்கு. ஒரு தட்டு, அதாவது ஒரு துணி அடுக்கு, கூடினாலும் பாகம் கழிவு, குறைஞ்சாலும் கழிவு. பழைய பாஸ்மாருக்கு இதை விளங்கப்படுத்துறது கஷ்டம், ஏனெண்டா அவையின்ர பக்குவம் பொய்யில்ல, அது மெய்யாவே வேலை செய்யுது. ஆனா பிளேன் பாகத்துக்கு அனுமதி குடுத்திருக்கிறது செய்யிற முறைக்கு. அந்த முறையில இருந்து நல்லதுக்கு விலகினாலும் விலகினதுதான்.

உள்ள போக முதல்

தட்டு அடுக்கிற இடம் கிளீன் ரூம். சூடு 20 டிகிரியை ஒட்டி நிக்கும், ஈரப்பதத்தையும் பிடிச்சு வச்சிருப்பாங்கள், ரெண்டும் நாள் முழுக்கப் பதிவாகும். உள்ள காத்தழுத்தம் வெளியை விடக் கொஞ்சம் கூட, கதவைத் திறந்தா காத்து வெளியதான் போகும், தூசி உள்ள வராது. வாசல்ல ஒட்டுற மிதியடி, தலைக்கு வலை, ஓவரோல், பவுடர் இல்லாத நைட்ரில் கையுறை.

எங்கட ஆக்களுக்கு இதில வாற முதல் சிக்கல் தலையெண்ணெய். காலமை எண்ணெய் வச்சு வழிச்சு இழுத்திட்டு வாற பழக்கத்தை வேலை நாளில விடோணும். எண்ணெய்க் கையால ஒரு விரல் பட்டாப் போதும், அந்த இடத்தில அடுத்த தட்டு ஒழுங்காப் பிடிக்காது, அது வெளிய தெரியவும் தெரியாது. எண்ணெயை விடப் பெரிய எதிரி சிலிக்கோன், ஹெயார் ஜெல், கைக்குப் பூசுற கிறீம், உதட்டுக்குப் பூசுறது, கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்பிரே இதுகளில கனக்க சிலிக்கோன் கிடக்கு, ஒரு ஆள் பூசிட்டு வந்தா அவர் தொட்ட மேசை, தொட்ட ரோலர் எல்லாத்திலயும் பரவும். கோணேசர் கோயிலுக்குப் போயிட்டு நேர வேலைக்கு வந்தா திருநீறு சந்தனத்தைக் கழுவிட்டு உள்ள போங்கோ, தூள் உதிரும். கையில கட்டின நூலைக் கழட்ட மனமில்லையெண்டா சுப்பவைசரிட்ட முதல் நாளே கதையுங்கோ, சில இடங்களில சட்டைக் கைக்குள்ள மூடி ரேப் சுத்த விடுவாங்கள், சில இடங்களில ஒரேயடியா ஏலாது எண்டுவாங்கள், ஒளிச்சுக் கட்டிட்டு மட்டும் போகாதேங்கோ. தொழுகைக்குப் போயிட்டு வாற தம்பிமார் வுழூ செய்த கையை முழங்கை வரைக்கும் நல்லா உலர்த்திட்டு புதுக் கையுறை போடுங்கோ, கழட்டி வச்ச பழசைத் திரும்பப் போடுறது இல்ல. மூக்கைத் தொட்டாலும் போனைத் தொட்டாலும் கையுறை மாத்தோணும். முதல் கிழமை இது பைத்தியக்கார வேலை மாதிரித் தெரியும்.

ரோல் வெளிய வாறது

பிரிப்ரெக் மைனஸ் 18 டிகிரி பிரீசர்ல இருக்கும். வெளிய எடுத்த நேரத்தில இருந்து அதின்ர ஆயுள் ஓடத் தொடங்கும், ஏனெண்டா ரெசினுக்குள்ள ஹார்ட்னர் ஏற்கனவே கலந்து கிடக்கு, குளிர்தான் அதைத் தூங்க வச்சிருக்கு. ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு கார்ட், எத்தின மணிக்கு வெளிய வந்தது, எத்தின மணிக்குத் திரும்பப் போனது எண்டு எழுதி மொத்த மணித்தியாலத்தைக் கூட்டிக்கொண்டே வரோணும். அந்தக் கணக்கு முடிஞ்சா ரோல் பார்க்கப் புதுசா இருந்தாலும் பாவிக்கேலாது.

வெளிய எடுத்த உடன பையைத் திறக்கக் கூடாது, இதுதான் இந்த இடத்தில முக்கியம். பிரீசர்ல இருந்த மீன் பையை மேசையில வச்சா வேர்க்குமே, அந்தத் தண்ணி பைக்கு வெளியில நிக்கிற வரைக்கும் பிரச்சினை இல்ல, திறந்தா நேர துணியில படியும். பெரிய ரோல் எண்டா ரூம் சூட்டுக்கு வர பல மணித்தியாலம் எடுக்கும், சில நேரம் ராத்திரியே எடுத்து வச்சிட்டுப் போவாங்கள். துணியில படிஞ்ச ஈரம் பிறகு, பாகத்தைச் சூட்டில இறுக வைக்கிற 'அவன்' எண்ட அடுப்புக்குள்ள 180 டிகிரியில நீராவியாகி உள்ளுக்குள்ள குமிழியா நிக்கும்.

தட்டு அடுக்கிறது

சம்பளம் தீர்மானிக்கிற இடம் இதுதான், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன். துணியை கொம்பியூட்டர் மெஷின் வெட்டி நம்பர் போட்ட கட்டாக் குடுக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நம்பர், ஒரு கோணம்: 0, 45, மைனஸ் 45, 90. 0 எந்தப் பக்கம் எண்டது வரைபடத்தில குறியிட்டிருக்கும், கன இடங்களில மேல இருந்து லேசர் வெளிச்சம் மோல்டுக்கு மேல தட்டின்ர ஓரத்தைக் கோடு போட்டுக் காட்டும், அந்தக் கோட்டுக்குள்ள தட்டை இறக்கோணும்.

கோணம் ஏன் எண்டு விளங்காமல் அடுக்கிறவர் கட்டாயம் ஒருநாள் பிழை விடுவார். இழை தன்ர நீளப்பாட்டுக்குத்தான் இழுவையைத் தாங்கும், குறுக்கால இழுத்தா ரெசின் மட்டும்தான் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அதால இழுவை வாற ஒவ்வொரு பக்கத்துக்கும் இழை தேவை, முறுக்குக்கு 45 தேவை. பிறகு நடுவில இருந்து மேலயும் கீழயும் ஒரே ஒழுங்கா வரோணும், 0, 45, 90 எண்டு மேல வந்தா கீழ 90, 45, 0 எண்டு திரும்பி வரும். அது குழம்பினா சூட்டில இறுகி ஆறேக்க பாகம் முறுகி நிக்கும், பிறகு அதை எந்த சுத்தியலாலயும் நிமித்தேலாது. ஒரு திசை இழைத் துணியில 45 தட்டைத் தவறிப் பிரட்டிப் போட்டா அது மைனஸ் 45 ஆகிடும். கண்ணுக்கு ரெண்டும் கறுப்புத்தான். அதால தட்டை எடுத்த கையோட எந்தப் பக்கம் பேப்பர், எந்தப் பக்கம் பிளாஸ்டிக் எண்டு பார்த்து வச்சுக்கொள்ளுங்கோ, துணியின்ர ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற மூடி இருக்கிற ரோல்ல அது நல்ல அடையாளம்.

காமென்ற் தங்கச்சியளுக்கு நான் சொன்ன இடம் இது. துணியை நேர இழுத்தா வராது, குறுக்குப்பாட்டில இழுத்தா நீளும் எண்டது உங்கட விரலுக்கு ஏற்கனவே தெரியும், சட்டைக் கழுத்துக்குப் பட்டி வெட்டேக்க எப்பிடி வெட்டுறீங்கள் எண்டு நினைச்சுப் பாருங்கோ. நெய்த காபன் துணியும் 45 இலதான் வளைவுக்கு இசையும். வட்டமான மோல்டுல துணியை எந்தப் பக்கம் நீட்டினா எந்தப் பக்கம் சுருக்கம் போகும் எண்டது போட் மேட்டோட பழகின பெடியளுக்கு லேசில வராது, ஏனெண்டா மேட்டில இழை எல்லாப் பக்கமும் கிடக்கு, அதுக்குத் திசை இல்ல. ஆனா மோல்ட், பாகம் அதில ஒட்டாமல் ரிலீஸ் பூசுறது, ஓரம் எங்க உடையும் எண்டதெல்லாம் பெடியளுக்குத் தெரியும்.

மூலைதான் எல்லாரையும் அழ வைக்கிற இடம். உள்மூலையில, அதாவது மோல்டுல குழிவா ரெண்டு பக்கம் சந்திக்கிற இடத்தில, தட்டை ரெண்டு பக்கமும் முதல்ல ஒட்டிட்டு பிறகு மூலைக்குள்ள தள்ளப் பார்த்தா துணி பாலம் போட்ட மாதிரி இழுத்துக்கொண்டு நிக்கும், கீழ வெறுமை. அமத்தினா உள்ள போன மாதிரிக் காட்டும், கையை எடுத்த கொஞ்ச நேரத்தில மெல்ல எழும்பும். அதால எப்பவும் மூலையில தொடங்குங்கோ. தட்டின்ர மூடியை முழுக்க உரிக்காமல் மூலைக்கு வாற பக்கத்தை மட்டும் ஒரு கீறு உரிச்சு, பிளாஸ்டிக் தேய்ப்பானின்ர முனையை மூலைக்கோட்டில வச்சு ஒரு அந்தத்தில இருந்து மற்ற அந்தத்துக்கு இழுத்துக்கொண்டு போங்கோ, துணி மூலையில இறுக உக்காந்த பிறகு மற்ற மூடியை உரிச்சு மூலையில இருந்து வெளிய பார்த்து ரெண்டு பக்கமும் தேயுங்கோ. காத்து வெளியதான் போகோணும். நகத்தால கீறுறது, உலோகக் கத்தி முனையால குத்துறது ரெண்டும் கூடாது. பெரிய மடிப்பு விழுந்தா தேய்ச்சு மறைக்காமல் தூக்கித் திரும்பப் போடுங்கோ, நேர இருக்க வேண்டிய இழை மடிப்பில வளைஞ்சு கிடந்தா அமுக்கத்தைத் தாங்கிற பலம் அந்த இடத்தில குறையும்.

முதல் தட்டுக்குப் பிறகும், அதுக்குப் பிறகு மூண்டு நாலு தட்டுக்கு ஒருக்காலும் மேல பை போட்டு வக்கியூம் இழுத்துப் பத்துப் பதினஞ்சு நிமிசம் விடுவாங்கள், டீபல்க் எண்டு பேர். எத்தினை தட்டுக்கு ஒருக்கா, எவ்வளவு நேரம் எண்டது வேலைத்தாள்ல இருக்கும். அவசரம் எண்டு இதில கை வைக்கிறவங்கள் இருக்கிறாங்கள், பிறகு உள்ளுக்குக் காத்து நிண்டு ஸ்கேன்ல தெரிஞ்சு எல்லாரையும் நிப்பாட்டும்.

உரிச்ச மூடியை எண்ணுங்கோ. இதை விட லேசான, இதை விடப் பெறுமதியான பழக்கம் இந்த வேலையில இல்ல. ஒரு தட்டுக்கு ரெண்டு மூடி எண்டா இருபது தட்டுக்கு நாப்பது மூடி, எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு தட்டு முடிய எண்ணிப் பார்க்கோணும், முப்பத்தொம்பது வந்தா ஒண்டு உள்ள கிடக்கு. மெல்லிய பிளாஸ்டிக் ஒண்டு ரெண்டு தட்டுக்கு நடுவில இருந்தா அந்த இடம் ஒட்டவே இல்லை எண்டு அர்த்தம். கத்தி பிளேடும் அப்பிடித்தான், எடுத்தது எத்தினை குடுத்தது எத்தினை எண்டு கணக்கு, பிளேட் நுனி ஒண்டு உடைஞ்சா அந்த நுனி கிடைக்கிற வரைக்கும் வேலை நிக்கும்.

பை கட்டுறது

அடுக்கி முடிய மேல ஒட்டிப் பிடிக்காமல் இருக்க ஓட்டை போட்ட ரிலீஸ் பிலிம், அதுக்கு மேல காத்துப் போக பஞ்சு மாதிரி பிரீதர் துணி, எல்லாத்துக்கும் மேல நைலோன் பை, சுத்திவர ஒட்டுற களிமண் மாதிரி ரேப். பையை பாகத்தை விடப் பெரிசா வெட்டி, மூலையிலயும் உயரம் மாறுற இடத்திலயும் மடிப்பு விட்டு ஒட்டோணும். இறுக்கி ஒட்டினா வடிவா இருக்கும், ஆனா அவன் அடுப்புக்குள்ள அழுத்தம் ஏற மூலைக்குள்ள போகப் பை காணாமல் வெடிக்கும். தொளதொளவெண்டு அசிங்கமா நிக்கிற பைதான் நல்ல பை.

பிறகு லீக் ரெஸ்ட். வக்கியூமை முழுக்க இழுத்து, குழாயைப் பூட்டி, கேஜைப் பார்த்துக்கொண்டு நிக்கோணும். 5 நிமிசத்தில 1 அங்குல இரசத்துக்கு (கேஜில வக்கியூம் காட்டுற அளவு) மேல இறங்கக் கூடாது எண்டு கன இடங்களில வச்சிருக்கிறாங்கள், உங்கட பக்டரித் தாள்ல என்ன இருக்கோ அதுதான் சட்டம். லீக் இருந்தா காதை வச்சுக் கேளுங்கோ, சின்னச் சீறல் வரும், ரேப் சந்திக்கிற இடம், மடிப்பின்ர அடி, சூடு அளக்கிற தேமோகப்பிள் வயர் வெளிய வாற இடம் இந்த மூண்டும்தான் வழமையான குற்றவாளி.

ஓட்டோகிளேவ் எண்ட பெரிய அவனைப் பற்றி நீங்கள் முதல் வருசம் அதிகம் அறியத் தேவையில்ல, அதுக்கு வேற ஆள் இருப்பார். 180 டிகிரி, 6, 7 பார் அழுத்தம், நைட்ரஜன் வாயு. 7 பார் எண்டா ஒரு சதுர மீட்டர் பாகத்துக்கு மேல ஏறத்தாழ 70 தொன் அமத்துது எண்டு கணக்கு, பையில ஓட்டை இருந்தா அந்த அமத்தல் பாகத்துக்கு வராமல் உள்ளயும் வெளியயும் சமமாகிடும். சூட்டை நிமிசத்துக்கு ஒண்டு ரெண்டு டிகிரியாத்தான் ஏத்துவாங்கள், தடிச்ச பாகம் எண்டா ரெசின் தானாவே சூடாகும், கெதியா ஏத்தினா நடுவில எரிஞ்சு போகும். ஒண்டு மட்டும் ஞாபகம் வச்சுக்கொள்ளுங்கோ, கதவு திறந்த உடன தலையை உள்ள விடாதேங்கோ. நைட்ரஜனுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல, மூச்சுத் திணறுறது தெரிய முதலே மயங்கி விழுவீங்கள், ஒட்சிசன் மீட்டர் சரியெண்டு காட்டின பிறகுதான் உள்ள போறது.

வெட்டு, துளை, தூசி

இறுகின காபன் சாதாரண பிளேடைக் கொஞ்ச நேரத்தில மழுக்கிப் போடும், வைரம் பதிச்ச கட்டர்தான். துளை போடேக்க பின்பக்கம் ஒரு பலகை வச்சு இறுக்குங்கோ, இல்லாட்டி ட்ரில் வெளிய வாற இடத்தில கடைசித் தட்டு பிரிஞ்சு சிலும்பும். தூசியை உறிஞ்சிற குழாய் கட்டர்லயே இருக்கோணும், கம்பிரஷர் காத்தால ஊதித் தள்ளுறது போட் யாட்ல சரி, பிளேன் பக்டரியில இல்ல. காபன் தூசி மின்சாரம் கடத்தும், சுவிட்ச் பெட்டிக்குள்ள போனா ஷோர்ட். காபனையும் அலுமினியத்தையும் நேர தொட வச்சு ஆணி அடிச்சா அலுமினியம் அரிக்கும், அதால நடுவில கண்ணாடி இழைத் தட்டு, ஆணி டைட்டானியம். உப்புக் காத்தில வளந்த எங்களுக்கு இதை ஆரும் ரெண்டாம் தரம் சொல்லத் தேவையில்ல.

தோலைப் பற்றி கட்டாயம் சொல்லோணும். எபொக்சி ஒருக்கா உங்கட தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போச்சுதெண்டா பிறகு வாழ்நாள் முழுக்க ஒத்துக்கொள்ளாது, அடுத்த தரம் பக்கத்தில போனாலே சிவந்து தடிக்கும், நல்ல கைக்காரர் எத்தினையோ பேர் அதோட வேலையை விட்டவங்கள். போட் வேலையில கையில ரெசின் பட்டா தின்னராலயோ அசிட்டோனாலயோ பெற்றோலாலயோ கழுவுறம், அது தோல்ல இருக்கிற எண்ணெயைக் கரைச்சு ரெசினை உள்ளுக்கு விடுது. சவுக்காரமும் தண்ணியும்தான். கையுறை கிழிஞ்சா உடன மாத்துங்கோ. வெட்டுற இடத்தில மாஸ்க், கண்ணாடி, முழுக்கை.

தாள்

வேலையில பாதி எழுத்து. எந்த ரோல், எந்த பட்ச், எத்தனையாம் தட்டு, ஆர் போட்டது, ஆர் பார்த்தது, எத்தின மணி, எல்லாத்துக்கும் கையெழுத்து அல்லது உங்கட பேரில இருக்கிற ஸ்டாம்ப். பத்து வருசத்துக்குப் பிறகு ஒரு பிளேன்ல வெடிப்பு வந்தா அந்தப் பாகத்தின்ர நம்பரில இருந்து அன்றைக்கு ரோல் எத்தினை மணிக்குப் பிரீசர்ல இருந்து வந்தது எண்ட வரைக்கும் பின்னால போகலாம். அதால ஆற்ற ஸ்டாம்பையும் ஆரும் பாவிக்கிறது இல்ல, "மச்சான் டீக்குப் போறன், எனக்கும் சேர்த்து அடிச்சு விடு" எண்ட கதை அங்க வேலை போற கதை. செய்யாததைச் செய்த மாதிரி எழுதுறது, முடிஞ்ச பிறகு எல்லாத்தையும் ஒரேயடியா எழுதுறது ரெண்டும் அதேதான்.

பிழை விட்டா சொல்லுங்கோ. எங்கட வேலைத்தளங்களில பாஸ்ட கண்ணில படாமல் புட்டி அடிச்சு மூடுற பழக்கம் இருக்கு, அதை ஊரிலயே விட்டிட்டுப் போங்கோ. தட்டு அடுக்கேக்க சொன்னா அந்தத் தட்டைத் தூக்கித் திரும்பப் போடலாம், அவன் அடுப்புக்குப் போய் வந்த பிறகு அது அல்ட்ராசவுண்ட்ல பிடிபட்டா பாகம் முழுக்கக் குப்பை, விசாரணையும் வரும். உள்ளுக்குள்ள காத்துக்குமிழி 2 சதவீதத்தை விடக் குறைவா இருக்கோணும் எண்டுதான் இந்த வேலையில வழமையாக் கேப்பாங்கள், அதைப் பிடிக்கிற மெஷினுக்கு எங்கட புட்டி மறைவில்ல. காசு நாணயத்தால தட்டிச் சத்தம் கேக்கிற முறையும் இன்னும் இருக்கு, நல்ல இடம் கணீரெண்டும், பிரிஞ்ச இடம் டொக் எண்டும் கேக்கும், போட்ல நாங்களும் தட்டிப் பார்க்கிறதுதானே, அந்தக் காதைக் கொண்டு போங்கோ.

ஊரில இருந்தே என்ன செய்யலாம்

சேர்ட்டிபிக்கட் இல்லாமல் பத்து வருசம் போட் அடிச்சவர் முதல்ல ஆர்.பி.எல். பற்றிக் கேளுங்கோ, அனுபவத்தைச் சோதிச்சு என்.வி.கியூ. எண்ட தேசிய தொழில் தகைமைச் சேர்ட்டிபிக்கட் குடுக்கிற முறை, அரசாங்கத்தின்ர தொழில் பழகுநர் பயிற்சி நிறுவனமான நைட்டா ஒபிசில கேக்கலாம். செய்த போட் படங்கள், முதலாளியிட்ட கடிதம், நீங்கள் ரெசின் அடிக்கிற வீடியோ எல்லாத்தையும் இப்பவே சேர்த்து வையுங்கோ. படிக்கிற வயசெண்டா தொழில்நுட்பக் கல்லூரியிலயோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலயோ வெல்டிங், மெஷின், எந்தப் பாடமெண்டாலும் வரைபடம் வாசிக்கச் சொல்லித் தாறதா எடுங்கோ. கொம்போசிட் எண்டு பேர் போட்ட கோர்ஸ்தான் வேணும் எண்டு காத்திருக்கத் தேவையில்ல, படம் வாசிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு மிச்சத்தை அவங்கள் பழக்குவாங்கள்.

வீட்டில வக்கியூம் பழகலாம். பிரிட்ஜ் திருத்துற கடையில பழைய கொம்பிரசர் ஒண்டு வாங்கினா அது வக்கியூம் இழுக்கும், ஒரு தடிச்ச கண்ணாடித் துண்டு, தடிச்ச பொலித்தீன், ஒட்டுற ரேப், ஒரு கேஜ். கரண்ட் வேலை தெரிஞ்ச ஆளைக் கொண்டு வயர் அடிப்பியுங்கோ. முதல்ல ரெசினே வேண்டாம், வெறும் பையைக் கட்டி, இழுத்து, பூட்டி, கேஜ் இறங்காமல் நிக்குதா பாருங்கோ. நிண்ட பிறகு நெய்த கிளாஸ் துணியும் எபொக்சியும் எடுத்து காத்தோட்டமான இடத்தில சின்னச் சின்ன மூலைத் துண்டா அடிச்சு, இறுகின பிறகு குறுக்கால அறுத்து வெட்டு முகத்தைப் பாருங்கோ, மூலையில ரெசின் குளம் கட்டியிருக்கா, குமிழி இருக்கா எண்டு. அறுத்துப் பார்க்காத துண்டால ஒண்டும் பழகேலாது.

அளவுகளையும் பழகுங்கோ. அமெரிக்கத் தாள்ல 350 பாரன்ஹைட் எண்டிருந்தா அது 177 செல்சியஸ், 100 பி.எஸ்.ஐ. எண்டா 6.9 பார், அங்குலத்தில ஆயிரத்தில ஒண்டு எண்டா 0.0254 மில்லிமீட்டர். இங்கிலீஸ் சரளமா கதைக்கத் தேவையில்ல, ஆனா வேலைத்தாள்ல இருக்கிற ஒவ்வொரு வரியையும் வாசிச்சு விளங்கோணும், விளங்காட்டி கேக்கத் தெரியோணும்.

இன்டர்வியூவில சில இடங்களில சின்ன மோல்டும் ரெண்டு மூண்டு தட்டும் தந்து அடுக்கச் சொல்லுவாங்கள். கெதியா முடிக்கிற ஆளைத் தேடேல்ல அவங்கள், நீங்கள் தாளை முதல்ல வாசிக்கிறீங்களா, கையுறை போடுறீங்களா, உரிச்ச மூடியை எங்க போடுறீங்கள், சந்தேகம் வந்தா நிப்பாட்டிக் கேக்கிறீங்களா எண்டுதான் பார்ப்பாங்கள். "எனக்கு எல்லாம் தெரியும் சேர்" எண்ட ஆள் அங்கயே வெளிய. தோல் வருத்தம், இழுப்பு இருந்தா ஒளிக்காதேங்கோ, பிறகு கஷ்டப்படப் போறது நீங்கள்தான். ராத்திரி ஷிப்ட் இருக்கும், அவன் அடுப்பு இருபத்துநாலு மணித்தியாலமும் ஓடுது.

ஏஜென்சியிட்டப் போனா வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர லைசன்ஸ் இருக்கோ எண்டு 1989 க்கு அடிச்சுக் கேளுங்கோ, விசிட் விசாவில போய் அங்க மாத்தலாம் எண்டு சொன்னா அந்தக் கதவாலயே வெளிய வாங்கோ. கொன்ராக்ட்ல வேலையின்ர பேர் என்னெண்டு பாருங்கோ, கொம்போசிட் எண்டு சொல்லி லேபர் எண்டு எழுதியிருந்தா நீங்கள் போய் இறங்கினா தூக்கிறது பெட்டிதான். பாஸ்போட், ஐடி, பிறப்புச் சான்றிதழ், என்.வி.கியூ. நாலிலயும் உங்கட பேரும் அப்பா பேரும் ஒரே எழுத்தில இருக்கோணும். எங்கட ஆக்களுக்கு ஒண்டில இனிஷியல், ஒண்டில முழுப்பேர், ஒண்டில அப்பா பேர் பின்னால எண்டு கிடக்கும், விசா நேரத்தில அதைத் திருத்தக் கச்சேரிக்கும் கொழும்புக்கும் அலைய வேண்டி வரும், வேலை தேடத் தொடங்க முதலே அதை எடுத்து வச்சு ஒருக்காப் பாருங்கோ.